இரண்டாவது கட்டத்தில் 8.8.8.8: கிளை அலுவலகத்தில் சர்வர் பெயர் ஏன் தொலைகிறது

போடிநாயக்கனூரில் தலைமை அலுவலகம், மலைக்கு மேலே குமுளியிலும் வண்டன்மேட்டிலும் கிளை. ஏலக்காய் வியாபாரத்தில் இது வழக்கமான அமைப்பு. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு மின் ஏலத்தில் காய் எடுப்பார்கள், சலித்துத் தரம் பிரிப்பார்கள், வடக்கேயும் வளைகுடாவுக்கும் அனுப்புவார்கள். கணக்கு ஒன்று, சர்வர் ஒன்று, ஆனால் மாநிலம் இரண்டு. மேலே ஒரு கம்பெனியின் இன்டர்நெட் இணைப்பு, கீழே வேறொரு கம்பெனியுடையது. நடுவில் வி.பி.என். (இன்டர்நெட் வழியாகவே போகும் தனி மறைவழி) போட்டு இரண்டையும் கோர்த்திருப்பார்கள்.

இந்த அலுவலகங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன போன் ஒன்று உண்டு. "அண்ணே, நெட் இருக்கு. வாட்ஸ்அப் போகுது, யூடியூப் ஓடுது. பில் சாஃப்ட்வேர் மட்டும் சர்வர் கிடைக்கலங்குது." நாம் கிளம்புவதற்குள் அடுத்த போன் வரும்: "தானா சரியாயிருச்சுண்ணே." மறுநாள் மழை பிடித்ததும் அதே கதை. வயரை மாற்றுவார்கள், ஸ்விட்சை மாற்றுவார்கள், சாஃப்ட்வேர் காரரைத் திட்டுவார்கள். எதிலும் தீராது, ஏனென்றால் பழுது அங்கே இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கிலும் டி.என்.எஸ். என்று இரண்டு கட்டம் இருக்கிறதே, அதில் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்ட வேண்டுமானால் இ-வே பில் என்ற ஜி.எஸ்.டி. மின் ஆவணம் கட்டாயம். இன்றைய விலையில் ஒரு மூட்டை ஏலக்காயே அந்த வரம்பைத் தாண்டிவிடும். சர்வர் கிடைக்காவிட்டால் பில் இல்லை, பில் இல்லாமல் இ-வே பில் இல்லை, இ-வே பில் இல்லாமல் லாரி மெட்டு இறங்க முடியாது. லோடு ஏற்றிய வண்டி குடோன் வாசலில் நிற்கும். டிரைவர், கணக்குப்பிள்ளை, முதலாளி என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் நமக்குப் போன் போடுவார்கள்.

கம்ப்யூட்டருக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். 'பில்' என்று நாம் பெயர் வைத்த சர்வரின் எண் 10.20.1.15 என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அந்த வேலைதான் டி.என்.எஸ். ஆதியில் இதற்கு ஒரே ஒரு ஃபைல் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள். இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த எல்லோரும் அதை இறக்கிப் பயன்படுத்தினார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைய டி.என்.எஸ்-ஐ வடிவமைத்தார். பெயர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதிக்கு உரியவரே பதில் சொல்லும்படி அமைத்தார். உச்சியில் ரூட் சர்வர்கள், அதற்குக் கீழே டாட் காம், டாட் இன் போன்றவை, அதற்கும் கீழே நம் கம்பெனியின் டொமைன், அதாவது நாம் பதிந்து வைத்திருக்கும் இணையப் பெயர். தமிழிலேயே முடியும் டாட் இந்தியாவும் அந்த வரிசையில் இருக்கிறது. ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலை, அதனுடன் வரும் டி.டி.எல். என்ற கெடு முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். இந்த நினைவைத்தான் கேஷ் என்கிறோம்.

அந்தப் பழைய ஃபைல் இன்னும் சாகவில்லை. ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கத்தில் பலர் 'சர்வர் கிடைக்கவில்லை' என்றதும் அதைத் திறந்து கையால் எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்குச் சரியாகிவிடும். சர்வரின் எண் மாறும் நாளில் குமுளியில் இருக்கும் ஒவ்வொரு மெஷினாகப் போய்த் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் அது பழைய எண்ணையே பிடித்துத் தொங்கும். நாற்பது வருஷத்துக்கு முன்பே எந்தத் தொல்லைக்காக அந்த ஃபைலைக் கைவிட்டார்களோ, அந்தத் தொல்லையை நாமே திரும்ப இழுத்துவைக்கிறோம்.

இப்போது அந்த இரண்டாவது கட்டம். பெரும்பாலான அலுவலகங்களில் முதல் கட்டத்தில் போடி சர்வரின் எண் இருக்கும், இரண்டாவதில் கூகுளின் பொது டி.என்.எஸ். சர்வரான 8.8.8.8. போட்டவரின் எண்ணம் நல்லதுதான்: "சர்வர் படுத்தா கூகுள் பார்த்துக்கும்." கூகுளின் அந்தச் சேவையில் குறை எதுவும் இல்லை, 2009-லிருந்து ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் 'பில்' என்ற பெயர் நம் அலுவலகத்துக்குள் மட்டும் உள்ள பெயர். அதை வெளியில் கேட்பது, நம் வீட்டு அரிசிப்பானை எங்கே இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் போய் விசாரிப்பதற்குச் சமம். கேட்கப்பட்டவர் உண்மையைத்தான் சொல்கிறார்: அப்படி ஒரு பெயரே கிடையாது.

சிக்கல் முழுவதும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்பது டி.என்.எஸ்-ஸைப் பொறுத்தவரை முழுமையான, செல்லுபடியான பதில். அது கிடைத்ததும் கம்ப்யூட்டர் அடுத்தவரிடம் போய்க் கேட்காது. பதில் வந்துவிட்டது, விஷயம் முடிந்தது. அடுத்த கட்டத்துக்கு அது எப்போது போகும் என்றால், முதலாமவரிடமிருந்து செல்லுபடியான பதில் வராதபோது மட்டும். விண்டோஸ் முதல் சர்வருக்காக ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கும், பிறகு இரண்டாவதிடம் கேட்டுவிடும். 'இல்லை' என்ற பதிலையும் சிறிது நேரம் கேஷில் வைத்துக்கொள்ளும்.

இதை மலைச்சாலையோடு சேர்த்துப் பாருங்கள், மழைக்கும் பில்லுக்கும் உள்ள தொடர்பு புரிந்துவிடும். குமுளிக்குத் தென்மேற்குப் பருவமழை வந்தால் கரண்ட் போய்ப் போய் வரும். இணைப்பு முழுதாக அறுந்துவிடாது; தடுமாறும், பாக்கெட்டுகள் (அனுப்பும் தகவல் துண்டுகள்) வழியில் தொலையும். வி.பி.என். வழியாகப் போடிக்குப் போன கேள்விக்கு ஒரு நொடிக்குள் பதில் திரும்பாது. கம்ப்யூட்டர் உடனே 8.8.8.8-இடம் திரும்பும். அது 'இல்லை' என்று சொல்லும். சாஃப்ட்வேர் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று பெட்டி காட்டும். சில நிமிஷத்தில் போடி வழி சரியானாலும் கம்ப்யூட்டர் உடனே முதல் கட்டத்துக்குத் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. பதில் தந்தவரையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும். பிறகு 'தானா சரியாயிரும்'. இவ்வளவு நேரமும் வாட்ஸ்அப்பும் யூடியூபும் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடும், ஏனென்றால் அந்தப் பெயர்கள் 8.8.8.8-க்கு நன்றாகத் தெரியும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் கட்டளைத் திரையைத் திறந்து என்எஸ்லுக்கப் என்று அடித்து, சர்வரின் முழுப் பெயரையும், கடைசியில் யாரிடம் கேட்க வேண்டுமோ அவருடைய எண்ணையும் கொடுங்கள். போடி சர்வரின் எண்ணைக் கொடுத்தால் 10.20.1.15 என்று வரும். 8.8.8.8 கொடுத்தால் அப்படி டொமைனே இல்லை என்று வரும். ஒரே கேள்விக்கு ஒரே மெஷினில் இரண்டு பதில். இதில் ஒரு நுணுக்கம்: என்எஸ்லுக்கப் விண்டோஸின் கேஷையும் பார்க்காது, ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பார்க்காது, நேரே சர்வரிடம் போய்க் கேட்கும். அதனால் என்எஸ்லுக்கப் சரியாகக் காட்டும்போதே சாஃப்ட்வேர் திண்டாடலாம். சாஃப்ட்வேருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று அறிய பிங் என்ற கட்டளையை அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு சொன்னால், மெஷினுக்குள் ஏதோ பழையது ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே விதி இதுதான்: அந்த இரண்டு கட்டங்களிலும் எழுதப்படும் இருவரும் எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலைத் தருபவர்களாக இருக்க வேண்டும். அலுவலக மெஷின்களில் இரண்டுமே நம்முடைய சர்வர்களாகத்தான் இருக்க முடியும். 8.8.8.8-க்கு, அல்லது உங்களுக்குப் பிடித்த வேறு பொதுச் சர்வருக்கு, இடம் உண்டு; ஆனால் அது ஒரு படி மேலே. நமக்குத் தெரியாத வெளிப்பெயர் வந்தால் நம் டி.என்.எஸ். சர்வர் யாரிடம் கேட்க வேண்டும் என்ற ஃபார்வர்டர் பட்டியலில் அதை எழுதுங்கள். அங்கே எத்தனை பொதுச் சர்வர் போட்டாலும் ஆபத்தில்லை, உலகப் பெயர்களுக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். வருகிறவர்களின் போனுக்கும் சி.சி.டி.வி-க்கும் தனி நெட்வொர்க் பிரித்து, அங்கே மட்டும் பொதுச் சர்வரை நேரடியாகக் கொடுக்கலாம்.

இந்த எண்களை மெஷின் மெஷினாக எழுதாமல் மெஷின்களுக்கு எண்களைத் தானாக வழங்கும் ரவுட்டரின் டி.எச்.சி.பி. வழியாகக் கொடுப்பது நல்லது. கொடுத்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கும். இப்போது வரும் ஃபைபர் இணைப்புகளில் மோடம் ஐ.பி.வி-6 என்ற புது வகை நீண்ட முகவரியையும் சேர்த்துத் தருகிறது. அதோடு தன் கம்பெனியின் டி.என்.எஸ். எண்ணையும் கேட்காமலே ஒட்டிவிடுகிறது. நாம் நான்கு எண் முகவரியைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருப்போம், விண்டோஸ் அந்தப் பக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஐ.பி.கான்ஃபிக் ஆல் என்று அடித்து டி.என்.எஸ். வரிகள் அத்தனையையும் கடைசிவரை படிக்காமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

இனி, கிளைக்கு என்ன செய்வது? என் உறுதியான கருத்து, குமுளியிலேயே ஒரு சிறிய டி.என்.எஸ். சர்வர் இருக்க வேண்டும். போடியை மட்டும் நம்பினால், வி.பி.என். போனதும் இ-வே பில் தளத்தின் பெயர்கூடத் திறக்காது. இணைப்பு இருந்தும் பயன்படாத நிலை அது. கிளையில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியோ பழைய கம்ப்யூட்டரோ போதும். ஐந்தாறு பெயர்தான் என்றால் மைக்ரோடிக் போன்ற ரவுட்டரிலேயே எழுதிவிடலாம். வெளிப்பெயர்களை அது குமுளி இணைப்பு வழியாகவே கேட்கட்டும். உள்பெயர்களுக்குப் போடி சர்வரின் பட்டியலை நகலெடுத்து வைத்துக்கொள்ளட்டும். இந்த நகலுக்கு செகண்டரி ஸோன் என்று பெயர்.

நகலுக்கும் ஆயுள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூலச் சர்வரை இவ்வளவு காலம் தொடர்புகொள்ள முடியாவிட்டால் நகலைச் செல்லாததாக்கு என்று ஒரு கெடு அதற்குள்ளேயே எழுதியிருக்கும். விண்டோஸ் டி.என்.எஸ். சர்வரில் தானாக வரும் கெடு ஒரே ஒரு நாள். மெட்டுச் சாலையில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால், சரிசெய்ய ஒரு நாளுக்கு மேல் ஆவது மலையில் புதிதல்ல. முதல் நாள் நன்றாக ஓடிய குமுளி சர்வர், இரண்டாம் நாள் காலையில் உள்பெயர் எதுவும் தெரியாது என்று கைவிரிக்கும். கிளையில் இருக்கும் பிரிண்டரும் தராசுக் கம்ப்யூட்டரும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றின் பெயர் மட்டும் தொலைந்திருக்கும். அந்தக் கெடுவை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஏற்றி வையுங்கள். லினக்ஸில் பட்டியலைக் கையால் திருத்துபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பட்டியலுக்கென்று அதற்குள் எழுதியிருக்கும் வரிசை எண்ணைக் கூட்டாமல் விட்டால், நீங்கள் செய்த மாற்றம் நகலுக்குப் போகவே போகாது.

போடியிலும் இரண்டு சர்வர் வைத்தால் நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே யு.பி.எஸ்-ஸில், ஒரே ஸ்விட்சில் மாட்டிவிட்டு இரண்டு இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம்போல உலகம் முழுக்கக் காணாமல் போயினவே, அன்று நடந்ததும் இதுதான். பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. டேட்டா சென்டரைத் தொடமுடியாத டி.என்.எஸ். சர்வர்கள், தங்களை அடையும் வழியைத் தாங்களே இன்டர்நெட்டிலிருந்து விலக்கிக்கொண்டன. எத்தனையோ சர்வர் வைத்திருந்தும், எல்லாம் ஒரே காரணத்தால் ஒன்றாக மறைந்தன. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படியென்றால், நம் யு.பி.எஸ். பேட்டரியை ஒருமுறை சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

உள் டொமைனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் பழைய பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது: கம்பெனி பெயர், பின்னால் டாட் லோக்கல். வேண்டாம். பிரிண்டர்களும் ஆப்பிள் கருவிகளும் பக்கத்துக் கருவிகளைத் தேடும் முறைக்காக டாட் லோக்கல் 2013-லேயே ஒதுக்கப்பட்டுவிட்டது, இரண்டும் மோதும். கைக்கு வந்த வேறு பெயரை வைப்பதும் ஆபத்துதான். கார்ப் என்று உள்பெயர் வைத்த கம்பெனிகளின் லேப்டாப்கள், வெளியில் போனதும் கார்ப் டாட் காமைத் தேடிப் போய்த் தட்டிக்கொண்டிருந்தன. தவறான கைக்குப் போய்விடக் கூடாதென்று 2020-இல் மைக்ரோசாஃப்டே அந்த டொமைனை விலைக்கு வாங்கியது. நீங்கள் பணம் கட்டி வைத்திருக்கும் டொமைனுக்குக் கீழே 'ஆபீஸ்' போன்ற ஒரு கிளைப்பெயரை உருவாக்கி அதை உள்ளுக்குப் பயன்படுத்துவதே சிறந்தது. அது வேண்டாம் என்பவர்களுக்கு டாட் இன்டர்னல் இருக்கிறது. தனி நெட்வொர்க்குகளுக்கென்றே 2024-இல் உலக டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அதை ஒதுக்கியது.

கிளைப்பெயர் வைக்காமல் கம்பெனி டொமைனையே உள்ளேயும் பயன்படுத்தினால் ஒரு விநோதம் நடக்கும். துபாயில் இருக்கும் வாங்குபவருக்கு உங்கள் வெப்சைட் திறக்கும், உங்கள் மேஜையில் திறக்காது. உள் சர்வர் அந்த டொமைனுக்குத் தானே அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறது. தன் பட்டியலில் வெப்சைட் இல்லையென்றால் வெளியில் கேட்காமல் 'இல்லை' என்றே சொல்லிவிடும். வெளிப்பட்டியலில் உள்ளதையெல்லாம் உள்ளேயும் எழுதி, இரண்டையும் ஒத்துப்போக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெயில் சர்வர் மாறும் நாளில் இதை நிச்சயம் மறப்பார்கள்.

பழைய பதிவுகளைக் கழிப்பதும் நம் வேலைதான். விண்டோஸ் சர்வர், மெஷின்களின் பெயரைத் தானாகப் பதிந்துகொள்ளும், ஆனால் தானாகக் கழிக்காது. அதற்கான ஸ்கேவெஞ்சிங் வசதி அணைந்தேதான் வரும். அதை இயக்கினால் பதினான்கு நாள் புதுப்பிக்கப்படாத பதிவுகள் நீங்கும். சர்வர், பிரிண்டர் போன்றவற்றைக் கையால் நிலையாகப் பதிந்துவிட்டு இயக்குங்கள்.

இன்னொரு பக்கம், பிரவுசர்களே இப்போது டி.என்.எஸ். கேள்வியை மறையாக்கி நேரே வெளியே அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டன. வீட்டில் அது பாதுகாப்பு. அலுவலகத்தில் உள்பெயர் தெரியாமல் போகும். எல்லா மெஷின்களுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் கொடுக்கும் குரூப் பாலிசியில் அணைத்துவிடலாம்.

சர்வரின் லாக்கையும், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவையும், வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாக்கை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. டி.என்.எஸ். லாக் அதைவிடவும் நமக்கே உதவும். வைரஸ் புகுந்த மெஷின் இரவு இரண்டு மணிக்குப் பெயர் தெரியாத டொமைன்களை வரிசையாகக் கேட்டிருப்பது முதலில் தெரிவது அங்கேதான்.

வெளியே உள்ள டொமைனின் கதை வேறு. பல கம்பெனிகளில் அது முதலாளி பெயரில் இருக்காது. என்றைக்கோ வெப்சைட் செய்து கொடுத்த பையனின் மெயில் ஐ.டி-யில் இருக்கும். அவர் பெங்களூரு போயிருப்பார், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அவர் பார்க்காத இன்பாக்ஸில் கிடக்கும். கெடு முடிந்தால் வெப்சைட்டோடு மெயிலும் போகும். உங்கள் பெயரில் வேறொருவர் மெயில் அனுப்பி, பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள் என்று வாங்குபவரிடம் சொல்வதைக் கடினமாக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகியவையும் இதே டி.என்.எஸ். பட்டியலில்தான் எழுதப்படுகின்றன. ஏற்றுமதி செய்பவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். கணக்கு கம்பெனி மெயிலில் இருக்கட்டும். ஆனால் அதே டொமைனின் மெயிலாக இருக்கக் கூடாது, டொமைன் போனால் மீட்கும் வழியும் சேர்ந்து போய்விடும்.

கடைசியாக, சர்வரை இடம் மாற்றும்போது டி.டி.எல்-ஐ எப்படிக் கையாள்வது என்பது. பெயரின் டி.டி.எல். 86,400 நொடி, அதாவது ஒரு நாள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதானால் வெள்ளிக்கிழமையே அதை 300 நொடிக்கு இறக்கிவிட வேண்டும். ஞாயிறு காலையில் இறக்கினால் பயனில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்பு பழைய பதிலை வாங்கியவர் அதைத் திங்கள்வரை வைத்திருப்பார். எண்ணை மாற்றிய பிறகும் பழைய சர்வரை உடனே அணைக்காமல், யாராவது இன்னும் அங்கே தட்டுகிறார்களா என்று அதன் லாக்கில் பாருங்கள். குமுளியிலிருந்தும் வண்டன்மேட்டிலிருந்தும் புது எண்ணே வருகிறது என்று என்எஸ்லுக்கப்பிலும் பிங்கிலும் உறுதியான பிறகு பழையதை அணைத்து, டி.டி.எல்-ஐ மறுபடி ஒரு நாளுக்கு ஏற்றிவிடலாம்.